பழவேற்காட்டில் பூநாரைகள்

நேற்று நண்பர்களோடு பழவேற்காடு ஏரி. கும்மிடிப்பூண்டி சிப்காட் தொழிற்பேட்டையின் புகைபோக்கிகளைத் தாண்டி அண்ணாமலைச்சேரிக்குப் போனால் கண்ணுக்கெட்டிய தூரம் தண்ணீர். சில்காவுக்கு அடுத்து இந்தியாவின் பெரிய உவர்நீர் ஏரி. அதன் தமிழகப் பகுதி 1980 முதல் பறவைகள் சரணாலயம்.

பூநாரை இரை தேடுவதைத் தொலைநோக்கியில் பார்க்க வேண்டும்! தலையைக் கவிழ்த்து, வளைந்த அலகால் சேற்றை அளைந்து, நாக்கால் தண்ணீரை உள்ளிழுத்து வெளியே தள்ளுகிறது. சிற்றுயிர்கள் மட்டும் அலகின் சல்லடையில் தங்கும். அந்த இரையின் நிறமிதான் சிறகில் இளஞ்சிவப்பாக ஏறுகிறது. ஏரியில் ஆலைக் கழிவு கலந்தால் அடிபடுவது இந்த இரையும், இதே சேற்றில் கையால் இறால் தடவும் இருளர் பெண்களின் பிழைப்பும்தான்.

போகிறவர்களே, படத்துக்காகப் படகைப் பூநாரைக் கூட்டத்துக்கு நடுவே விடச் சொல்லாதீர்கள். மிரண்டு எழுந்தால் அவற்றின் மேய்ச்சல் கெடும். தயவுசெய்து தள்ளி நின்றே பாருங்கள்.