பயோ லிங்க் கட்டும் வேலை

போடியில் ஏலக்காய் வியாபாரம் செய்கிறவர்கள் பலர் இப்போது ரீல் போடுகிறார்கள். காய் குவிந்து கிடப்பதும், பெண்கள் வரிசையாக உட்கார்ந்து பொறுக்குவதும் பார்க்க அழகாகவே இருக்கும். பார்த்தவருக்கு வாங்க ஆசை வந்தால், அவர் போவதற்கு பயோவில் உள்ள லிங்க்தான் வழி. இன்ஸ்டாகிராம் கேப்ஷனில் ஒட்டிய முகவரியைத் தொட்டால் திறக்காது. யூடியூப் ஷார்ட்ஸிலும் 2023 ஆகஸ்ட் கடைசியோடு விளக்கத்திலும் கமெண்டிலும் தொட்டால் திறக்கும் வசதி நின்றுவிட்டது. பயோ லிங்க்கைத் தொட்டதும் திறக்கிற பக்கத்தைக் கட்டித் தருவதுதான் என் தொழில். இதைக் கற்றுக்கொள்ள வரும் தம்பி, தங்கச்சிகளுக்காக எழுதுகிறேன்.

நான் வேலை பழகியது ஒரு பிரஸ்ஸில். அங்கே கம்போசிங் பார்த்த அண்ணன், விசிட்டிங் கார்டு புரூஃப் எடுத்ததும் அதன் கீழ்ப்பாதியை உள்ளங்கையால் மூடிவிடுவார். “இப்ப சொல்லுப்பா, இவரு யாரு, என்ன விக்கிறாரு?” என்பார். நான் தடுமாறினால் புரூஃப் திரும்பக் கைக்கு வந்துவிடும். இன்றைக்கும் பக்கம் முடிந்ததும் போனின் கீழ்ப்பாதியை அவர் மூடியதைப் போலவே மூடிப் பார்க்கிறேன். கடைப் பெயர், விற்கும் பொருள், முதல் பட்டன் ஆகிய மூன்றும் மேல்பாதியில் தெரிய வேண்டும். முதலாளியின் படமும் வாங்கிய விருதும் கீழே போகட்டும். அவை வேண்டாம் என்று சொல்லவில்லை. வாங்க வந்தவர் அவற்றைத் தாண்டித்தான் பட்டனுக்கு வரவேண்டும் என்று வைத்துவிடாதீர்கள்.

பட்டனில் எழுதும் வார்த்தைதான் இந்த வேலையில் கடினமானது. ஒரு வியாபாரி ‘8 எம்.எம்.’, ‘7 எம்.எம்.’ என்று சல்லடைக் கணக்கிலேயே பட்டன் வைக்கச் சொன்னார். ஏல மையத்தில் அது எல்லோருக்கும் புரியும் பேச்சு. சென்னையிலும் சிங்கப்பூரிலும் அடுப்படியில் நிற்கிறவருக்குப் புரியாது. ‘பரிசளிக்கப் பெரிய பச்சைக் காய்’, ‘பாயசத்துக்கு’, ‘டீக்கு இடிக்கச் சிறு காய்’ என்று மாற்றி, அளவை அடியில் சிறு எழுத்தில் போட்டோம். அதன்பிறகு அவருடைய வாட்ஸ்அப்பில் ‘எம்.எம்.னா என்ன?’ என்ற கேள்வியே அரிதாகிவிட்டது.

வாட்ஸ்அப் பட்டனில் ஒரு நுணுக்கம் இருக்கிறது. எண்ணுக்கு முன்னால் 91 வேண்டும். கூட்டல் குறி, முதலில் வரும் சுழியம், இடைவெளி எதுவும் கூடாது. தொட்டவுடன் அனுப்பத் தயாராக ஒரு செய்தியையும் அதிலேயே எழுதி வைக்கலாம். ‘வணக்கம், பாயசக் காய் கால் கிலோ வேண்டும்’ என்று பட்டனுக்குப் பட்டன் வேறாக எழுதுங்கள். எந்தப் பட்டனிலிருந்து ஆள் வந்தார் என்று கடைக்காரருக்குக் கேட்காமலே தெரிந்துவிடும்.

விலையைப் படத்துக்குள் எழுதாதீர்கள். ஸ்பைசஸ் போர்டின் மின்னணு ஏலம் போடியிலும் மலைக்கு அந்தப் பக்கம் புத்தடியிலும் நடக்கிறது. ஏலத்துக்கு ஏலம் விலை மாறும். 2019 ஆகஸ்டில் புத்தடியில் கிலோ 7,000 ரூபாய் வரை போன காய் இது. விலையை எழுத்தாகப் போட்டு, பக்கத்தில் தேதியும் போட்டால் கடைக்காரரே காலையில் மாற்றிக்கொள்வார். பழைய விலையைப் பார்த்துவிட்டுக் கேட்கிறவரிடம் புது விலை சொல்வது, இரண்டு பேருக்கும் சங்கடம்.

லிங்க்ட்ரீ மாதிரிச் சேவைகளில் ஒரு மணி நேரத்தில் பக்கம் தயாராகிவிடும். பழகுவதற்கு நல்லது. ஆனால் பாக்கெட்டில் கியூஆர் அச்சடிக்கப் போகிறீர்கள் என்றால் கடையின் சொந்த டொமைனுக்குத்தான் அதை இணைக்க வேண்டும். டொமைன் நம் கையில் இருந்தால் பின்னால் பக்கத்தை எங்கே மாற்றினாலும் அச்சடித்த கவர் வீணாகாது. 2022 டிசம்பரில் ட்விட்டர் திடீரென்று லிங்க்ட்ரீ முகவரிகளுக்குத் தடை போட்டது. எதிர்ப்பு வந்ததும் உடனே விலக்கிக்கொண்டது என்றாலும், அடுத்தவர் முகவரியில் குடியிருக்கும் ஆபத்து அதில் தெரிந்தது.

இன்ஸ்டாகிராம் 2023 ஏப்ரலிலிருந்து பயோவில் ஐந்து லிங்க் வரை அனுமதிக்கிறது, பிறகு தனிப் பக்கம் எதற்கு என்று கேட்பவர்கள் உண்டு. வெளியே தெரிவது முதல் லிங்க் மட்டும்தான். மற்றவை தொட்டால்தான் விரியும். விலைக்கும் தேதிக்கும் அங்கே இடமும் இல்லை.

இன்ஸ்டாகிராமில் தொட்ட லிங்க் பெரும்பாலும் அதன் உள்பிரவுசரிலேயே திறக்கும். கூகுள் கணக்கில் நுழையச் சொல்லும் படிவம் அங்கே வேலை செய்யாது. அதனால் அப்படிப்பட்ட ஆர்டர் படிவம் வேண்டாம். படத்தை எல்லாம் சுருக்கிப் போடுங்கள். போன் கேமராவில் எடுத்ததை அப்படியே ஏற்றினால் நாலைந்து எம்.பி. இருக்கும். சிக்னல் குறைந்த இடத்தில் சக்கரம் சுற்றிக்கொண்டே இருக்கும்.

இன்ஸ்டாகிராம் பயோவுக்கு 150 எழுத்துதான் அளவு. தமிழில் எழுதினால் அது சீக்கிரம் தீரும். ‘போடிநாயக்கனூர்’ நம் கண்ணுக்கு எட்டெழுத்து, யூனிகோடில் 14 குறி. ஆகவே ‘போடி ஏலக்காய், வீட்டுக்கே அனுப்புவோம்’ என்ற அளவில் நிறுத்திக்கொள்ளுங்கள். உணவுப் பொருள் விற்பவரின் 14 இலக்க எஃப்.எஸ்.எஸ்.ஏ.ஐ. உரிம எண் பக்கத்தின் அடியில் கட்டாயம் இருக்கட்டும். முகம் தெரியாதவருக்குப் பணம் அனுப்புகிறவர் அதைத் தேடுவார்.

குரங்கணி மலைப் பக்கம் தங்கும் விடுதி நடத்துபவர்களுக்கும் இதே வேலை செய்கிறேன். 2023 ஜூனில் ரயில் மறுபடி போடிக்கு வந்த பிறகு அந்த வேலை கூடியிருக்கிறது. அவர்களுக்கு வரைபடப் பட்டனும், ஸ்கிரீன்ஷாட் எடுத்து வைக்கும்படி எழுத்தில் போன் எண்ணும் முதலில் வரவேண்டும். மேலே ஏறினால் சிக்னல் நம்பிக்கைக்குரியதல்ல. மலையேற்றத்துக்கு வனத்துறை அனுமதி தேவை. அனுமதி இல்லாத நாட்களில் மலையேற்றப் பட்டனை அன்றே எடுத்துவிட வேண்டும். மலையேறியவர்கள் சிக்கிய 2018 மார்ச் குரங்கணிக் காட்டுத்தீயை இந்த ஊர் மறக்கவில்லை. வேலையில் நான் விட்டுக்கொடுக்காத விஷயம் இந்தப் பட்டனை எடுப்பது.

கற்றுக்கொள்ள வருகிறவர்கள் முதலில் உங்கள் தெருவில் உள்ள ஒரு கடைக்குப் பக்கம் கட்டிக் கொடுங்கள். அந்தக் கடையின் வாட்ஸ்அப்புக்கு வரும் கேள்விகளை ஒரு வாரம் கடைக்காரரோடு உட்கார்ந்து படியுங்கள். எந்தக் கேள்வி திரும்பத் திரும்ப வருகிறது என்று எழுதி எடுத்துக்கொண்டு வாருங்கள், அங்கிருந்து சொல்லித் தருகிறேன்.