தலைப்பு கிழிந்த விமர்சனங்கள்

போன மாசம் வீடு மாறினோம். அம்பத்தூர் வெங்கடாபுரத்துல இருந்து பட்டாபிராம். ஏன்னு கேட்டா ஒரே காரணம்தான், வாடகை. ஓட்டு வீடு, காத்தோட்டம், பக்கத்துலயே ஸ்டேஷன்னு அம்மா பத்து நல்ல விஷயம் சொல்வாங்க. நம்பாதீங்க. வாடகைதான்.

வீடு மாறினவங்களுக்குத் தெரியும், பரண் ஒரு தனி உலகம். எங்க பரண்ல இருந்து உடைஞ்ச டேபிள் ஃபேன், என்னோட மூணு சக்கர சைக்கிள், அப்புறம் தாத்தாவோட ரெண்டு தகரப் பெட்டி இறங்கிச்சு. பெட்டி முழுக்கப் பழைய வார இதழ்கள். பாதிக்கு அட்டையே இல்ல. தாத்தா போய் ஆறு வருஷம் ஆச்சு. அதைத் தொட்டவங்க யாரும் இல்ல, கரையானைத் தவிர.

"பேப்பர் கடைக்காரனைக் கூப்பிடு"ன்னு அப்பா ஒரே வார்த்தைல முடிச்சிட்டாரு. அவர் எப்பவுமே அப்படித்தான். ஒரு நாளைக்கு நாப்பது வார்த்தைன்னு ரேஷன் வச்சிருக்கற மாதிரி பேசுவாரு.

கடைக்காரர் வந்து தராசுல வச்சாரு. 38 கிலோ. கிலோ 12 ரூபா. நான் பி.காம். கடைசி வருஷம் படிக்கிறேன். கையிருப்பை எப்படி மதிப்பிடணும்னு எங்களுக்கு ஒரு விதி உண்டு: அடக்க விலையா, விக்கப் போற மதிப்பா, எது குறைவோ அதை எழுது. அந்தக் கணக்குல தாத்தாவோட முப்பது வருஷ வாசிப்பு 456 ரூபா. விதி சரிதான். ஆனாலும் மனசு என்னமோ பண்ணிச்சு.

அதுக்கு அடியில ஒரு பேரேடு இருந்தது. தாத்தா பாடி பக்கம் ஒரு கம்பெனியில ஸ்டோர் கீப்பரா இருந்தவர். நீளமா, கெட்டி அட்டையோட, வரவு, வழங்கல், இருப்புன்னு பத்தி போட்ட ஸ்டோர் லெட்ஜர். அட்டை கனமா இருக்கு, அதுக்குக் காசு தர மாட்டேன்னு கடைக்காரர் தனியா எடுத்து வச்சிட்டாரு. அதனாலதான் அது தப்பிச்சது. தொறந்து பார்த்தா உள்ள கணக்கே இல்ல. பக்கத்துக்குப் பக்கம் சினிமா விமர்சனங்களை வெட்டி ஒட்டி வச்சிருக்காரு.

அதுல ஒரு கூத்து. தாத்தா இடத்தை மிச்சம் பிடிக்கறதுக்காகத் தலைப்பையும் படத்தையும் வெட்டி எறிஞ்சிட்டு, பத்தியை மட்டும் ஒட்டியிருக்காரு. சிலதுல பாட்டு பத்தின பாரா மட்டும்தான் இருக்கு. எந்தப் படம், எந்தப் பத்திரிகை, எந்த வருஷம், எதுவும் கிடையாது. அவருக்குத் தெரியும், போதும். எனக்கு?

சரி, இங்க கொஞ்சம் வெளிநாட்டுக்குப் போயிட்டு வருவோம். இங்கிலாந்துல 'மெலடி மேக்கர்'னு ஒரு இசைப் பத்திரிகை இருந்தது. அதுல 'பிளைண்ட் டேட்'னு ஒரு பகுதி. ஒரு பாடகரைக் கூப்பிட்டு, பேர் சொல்லாம புது இசைத்தட்டுகளைப் போட்டுக் காட்டுவாங்க. அவர் கேட்டுட்டு அபிப்பிராயம் சொல்லணும், முடிஞ்சா ஆளைக் கண்டுபிடிக்கணும். 1967 ஜூலைல பிங்க் ஃப்ளாய்ட் குழுவோட சிட் பாரெட் இதுல உக்காந்தாரு. அவருக்குப் போட்ட தட்டுகள்ல ஒண்ணு டேவிட் போவியோடது. போவிக்கு அப்ப பெரிய பேரெல்லாம் கிடையாது. அவரைத் தூக்கி விட்ட பாட்டு 1969லதான் வருது. இன்னைக்கு அந்தப் பக்கத்தைப் படிக்கறவங்களுக்கு அதுதான் சுவாரசியம். பின்னாடி என்ன ஆகும்னு நமக்குத் தெரியும், எழுதினவங்களுக்குத் தெரியாது.

அங்க பாட்டைக் கேட்டு ஆளைக் கண்டுபிடிக்கணும். எங்க வீட்டுல அது தலைகீழ். விமர்சனத்தைப் படிச்சு பாட்டைக் கண்டுபிடிக்கணும்.

தமிழ்ல இது இன்னும் கஷ்டம். அவங்க ஊர்ல ஒரு பாட்டுக்குத் தனியா ஒரு பேர் இருக்கும், 'சிங்கிள்'னு தனித் தட்டா வரும், தனியா விமர்சனமும் வரும். நம்ம ஊர்ல பாட்டு படத்தோட வரும், படத்தோடவே விமர்சனத்துலயும் வரும். பாட்டோட முதல் வரிதான் அதோட பேர். விமர்சகர் அந்த வரியை எழுதலைன்னா, "அந்த ஊஞ்சல் பாட்டு", "அந்தச் சோகப் பாட்டு"ன்னு நாமதான் தேடணும்.

நம்ம ஊர் விமர்சகர்கள் சும்மா ஆட்கள் இல்ல. கல்கி 'கர்நாடகம்'ங்கற பேர்ல ஆனந்த விகடன்ல 'ஆடல் பாடல்' எழுதினவர். 1935ல வந்த 'பக்த நந்தனார்' படத்துக்கு கே.பி. சுந்தராம்பாளுக்குக் கொடுத்த சம்பளம் ஒரு லட்சம் ரூபா. அந்தக் காலத்து லட்சம்! அந்தப் படத்துல நல்லா நடிச்சது பனைமரமும் எருமையும்தான்ங்கற மாதிரி கல்கி எழுதினார்னு சொல்வாங்க. தலைப்பு இல்லாம இதைக் கையில கொடுத்தாலும் விவரம் தெரிஞ்சவங்க டக்குனு படத்தைச் சொல்லிடுவாங்க. பின்னாடி விகடன் மார்க்கே போட ஆரம்பிச்சது. 1977ல '16 வயதினிலே'வுக்கு 62.5. எங்க காலேஜ்ல அந்த மார்க் வாங்கினா முதல் வகுப்பு :-)

வீடு மாறின முதல் ஞாயித்துக்கிழமை. கரண்ட் இல்ல. அப்பா வாசப்படியில உக்காந்திருந்தாரு. நான் பேரேட்டைத் தொறந்து சும்மா ஒண்ணைப் படிச்சேன். கிராமத்து மருத்துவச்சி, வாத்தியார், காதல்னு கதையைப் பத்தி முக்கால் பத்தி. கதாநாயகிக்குப் பாராட்டு. கடைசியா இசைக்கு ஒரே ஒரு வரி, அதுவும் புதுசா வந்திருக்கற ஒருத்தர்னு.

அப்பா தலையைத் திருப்பாமலே சொன்னாரு. "அன்னக்கிளி."

"எப்படிப்பா?"

"மருத்துவச்சி, வாத்தியாருன்னா வேற எது? சுஜாதா, சிவகுமார்." கொஞ்ச நேரம் கழிச்சு, "இளையராஜாவுக்கு ஒரு வரியா?"ன்னு சிரிச்சாரு. நான் அவர் சிரிச்சுப் பார்த்து ரொம்ப நாள் ஆச்சு.

1976ல படம் வந்தப்ப அப்பாவுக்கு ஆறு வயசு. விமர்சனம் படிச்சிருக்க மாட்டாரு. ஆனா பாட்டெல்லாம் ரேடியோ வழியா உள்ள போயிருக்கு. தாத்தா காலைல சிலோன், ராத்திரி விவித பாரதின்னு வைப்பாராம். அப்துல் ஹமீதோட 'பாட்டுக்குப் பாட்டு' வந்தா வீட்டுல யாரும் மூச்சு விடக் கூடாதாம்.

அப்புறம் ஒவ்வொண்ணா ஆரம்பிச்சோம். சீக்கிரமே எங்களுக்குன்னு சில விதிகள் வந்துச்சு. "மெல்லிசை மன்னர்கள்"னு பன்மையில இருந்தா 1965க்கு முந்தி, ஏன்னா அந்த வருஷம்தான் விஸ்வநாதனும் ராமமூர்த்தியும் பிரிஞ்சாங்க. ஒருமையில இருந்தா பின்னாடி. வண்ணத்தைப் பத்தி ஆச்சரியப்பட்டு எழுதியிருந்தா படம் அறுபதுகள்ல வந்திருக்கலாம். கறுப்பு வெள்ளையைக் குறையா சொன்னா எழுபதுகள். முக்கியமான விதி: விமர்சகர் எதைத் திட்டறாரோ அதை நல்லா கவனிக்கணும். பாராட்டு எல்லாப் படத்துக்கும் ஒரே மாதிரி இருக்கு, "இனிமை", "கேட்கும்படி", அவ்வளவுதான். திட்டறப்பதான் மனுஷன் விவரமா எழுதறாரு. எந்த வாத்தியம், எந்த இடம், யார் குதிச்சாங்கன்னு எல்லாம் வருது.

அப்படி ஒரு துண்டு. பாட்டு பத்தின பாரா மட்டும். மேல்நாட்டுப் பாணி, கிதார் இரைச்சல், பெரியவர் ஒருத்தர் வீட்டு வாசல்லயே பசங்க ஆடிக் குதிக்கறது மரியாதையா இல்லன்னு ஒரே புலம்பல்.

"நினைத்தாலே இனிக்கும்"னாரு அப்பா. அது 1979. பாலசந்தர் எடுத்தது, கதை சுஜாதா, அதாவது எழுத்தாளர் சுஜாதா. பாட்டுக் கச்சேரிக் குழு சிங்கப்பூர் போற கதை. மேல்நாட்டுப் பாணின்னா யாருக்கும் அதுதான் முதல்ல தோணும்.

"இல்லப்பா, 'மெல்லிசை மன்னர்கள்'னு போட்டிருக்கு. பன்மை."

அப்பா என் கையில இருந்து பேரேட்டை வாங்கிப் படிச்சாரு. ரொம்ப நேரம் ஒண்ணும் சொல்லல. அப்புறம் மெதுவா, "காதலிக்க நேரமில்லை. வேலை கேட்டு வாசல்ல கூடாரம் போட்டுப் பாடுவாங்களே, அது"ன்னாரு.

பாட்டோட பேரை நான் எழுதல. ஆட்டமே அதுதானே, நீங்க கண்டுபிடிச்சிருப்பீங்க. ஸ்ரீதர் படம். ரவிச்சந்திரனை பாலையா வேலையை விட்டுத் தூக்கிடுவாரு. அவர் ஆளுங்களைச் சேர்த்துக்கிட்டு முதலாளி வீட்டு முன்னாடியே கூடாரம் அடிச்சு ஆட்டம் பாட்டத்தோட போராட்டம் நடத்துவாரு. ராக் அண்ட் ரோல் மாதிரி ஒரு துள்ளல்.

சரிதானான்னு பார்க்க ஒரு வழி இருந்தது. ஒட்டின துண்டோட ஒரு ஓரம் பசை விட்டுத் தூக்கிட்டு நின்னது. வெளிச்சத்துல பிடிச்சா பின்பக்கம் ஏதோ தைல விளம்பரம், விலை "50 ந.பை." நயா பைசா! 1957 ஏப்ரல்ல நூறு பைசாக் கணக்கு வந்தப்ப சேர்ந்த 'நயா', 1964 ஜூன்ல அதிகாரபூர்வமா போயிடுச்சு. படம் வந்தது 1964 பிப்ரவரி. கச்சிதமா பொருந்துது. எங்க ஆடிட்டிங் வாத்தியார் பார்த்திருந்தா இதைத்தான் வவுச்சிங்னு சொல்லியிருப்பாரு.

நான் குதிச்சுக்கிட்டு இருந்தேன். அப்பா பேரேட்டை மூடல. "இந்தப் பாட்டை நாங்களும் பாடினோம்"னாரு.

அப்பா எஸ்டேட்ல ஒரு சின்ன யூனிட்ல லேத் ஓட்டினவர். பெரிய கம்பெனிகளுக்கு உதிரிபாகம் கடைஞ்சு கொடுக்கற இடம். 2020 ஊரடங்குல மூடினாங்க. ஊரடங்கு முடிஞ்சும் திறக்கல. கேட்ல பூட்டு. இருபத்திரெண்டு பேர் ஒன்பது நாள் கேட்டுக்கு வெளியே சாமியானா போட்டு உக்காந்தாங்க. இவ்வளவுதான் எனக்குத் தெரியும். அப்ப நான் பிளஸ் ஒன், ஆன்லைன் கிளாஸ்.

எனக்குத் தெரியாதது இது. நாலாவது நாள் யாரோ ஒருத்தர் அந்தப் பாட்டை எடுத்திருக்காரு. விஸ்வநாதன்ங்கற எடத்துல முதலாளி பேரைப் போட்டு. தகர டின்ல தாளம். இருபத்திரெண்டு பேரும் பாடியிருக்காங்க, அப்பாவும் சேர்ந்து. பேசவே காசு கேக்கற எங்க அப்பா! சிரிச்சுச் சிரிச்சுக் கண்ணுல தண்ணி வந்துடுச்சாம்.

"படத்துல வேலை கேட்டவனுக்குக் கடைசில பொண்ணே கிடைச்சுது. எங்களுக்கு செட்டில்மென்ட்ல பாதிதான் வந்துச்சு." சொல்லிட்டு எழுந்திரிக்கப் போனாரு.

ஏன் அப்பவே வீட்டுல சொல்லலன்னு கேட்டேன்.

"வேலை போனவன் வாசல்ல பாட்டுப் பாடிட்டு வந்தேன்னு உங்கம்மாகிட்ட எப்படிடா சொல்றது?"

நானும் ஒண்ணை மறைச்சு வச்சிருந்தேன். பி.காம்.ல 55 சதவீதம் இருந்தா சி.ஏ.வுக்கு நேரடியா இன்டர்மீடியட்ல சேரலாம். எனக்கு அது தாண்டும். அப்பா எல்லார்கிட்டயும் "பையன் ஆடிட்டர் ஆகப் போறான்"னு சொல்லிக்கிட்டு இருக்காரு. அவர் இப்ப ராத்திரி ஷிப்ட் செக்யூரிட்டி. ஃபீஸ், கோச்சிங், ரெண்டு வருஷ ஆர்ட்டிகிள்ஷிப் எல்லாத்தையும் கூட்டிப் பார்த்துட்டு, சி.ஏ. வேணாம், கேம்பஸ்ல கிடைச்ச வேலைக்குப் போயிடலாம்னு ரெண்டு மாசம் முந்தியே முடிவு பண்ணிட்டேன். சொல்லத்தான் தைரியம் இல்ல. அன்னைக்குச் சொன்னேன். எப்படியோ வாய்ல இருந்து வந்துடுச்சு.

அப்பா திட்டல. பேரேட்டோட இருப்புப் பத்தியை விரலால தடவிக்கிட்டே கேட்டாரு, "ரெண்டையும் சேர்த்து முடியாதா? வேலை பார்த்துக்கிட்டே ஒரு க்ரூப் எழுதேன். நான் இன்னும் இருக்கேன்ல?"

முடியுமான்னு இன்னும் கணக்குப் போட்டுக்கிட்டுதான் இருக்கேன். ஆனா இப்ப ரெண்டு பேரும் சேர்ந்து போடறோம்.

38 கிலோவும் போயிடுச்சு, 456 ரூபா வந்துச்சு, அதை டெம்போக்காரருக்குக் கொடுத்துட்டோம். பேரேடு மட்டும் இருக்கு. மொத்தம் 41 துண்டு, இதுவரைக்கும் 17 கண்டுபிடிச்சிருக்கோம். ஒவ்வொண்ணுக்குப் பக்கத்துலயும், தாத்தா காலியா விட்ட ஓரத்துல, அப்பா பென்சில்ல படத்தோட பேரும் வருஷமும் எழுதறாரு.

மிச்சம் 24. பத்தொன்பதாவது துண்டுல வயலின் அதிகம்னு திட்டியிருக்காங்க, யார் படம்னு தெரியல. உங்க வீட்டுல பெரியவங்க யாராவது இருந்தா கேட்டுப் பாருங்க. பதில் கிடைக்கலைன்னாலும் பரவால்ல, பக்கத்துல கொஞ்ச நேரம் உக்காந்திருங்க.