தேதி தப்பு, ஓகே அழுத்தவும்!

03/04/05.

இது என்ன தேதி, சட்டென்று சொல்லுங்கள் பார்க்கலாம்!

‘2005, ஏப்ரல் 3. இதிலென்ன பெரிய புதிர்?’ என்கிறீர்களா... சரிதான். ஆனால், இதையே ஓர் அமெரிக்கரிடம் காட்டினால் ‘மார்ச் 4’ என்பார். ஜப்பான்காரர் வருஷத்தை முதலில் எழுதிப் பழகியவர். அவருக்கு இது 2003-ம் வருஷத்து ஏப்ரல் 5. மூன்று பேரும் எழுதப் படிக்கத் தெரிந்தவர்கள்தான். மூன்று பேர் சொல்வதும் சரிதான். அதுதான் சிக்கலே!

ஒரு சின்ன கணக்குப் போடுவோம். பதின்மூன்றாம் தேதிக்கு மேல் பிரச்னை இல்லை. பதின்மூன்றாவது மாதம் என்று ஒன்று கிடையாது என்பதால் எது நாள், எது மாதம் என்று தெரிந்துவிடும். குழப்பமெல்லாம் ஒவ்வொரு மாதமும் முதல் பன்னிரண்டு நாட்களில்தான். பன்னிரண்டு மாதம், பன்னிரண்டு நாள்... ஆக மொத்தம் 144. இதில் ஜனவரி 1, பிப்ரவரி 2 மாதிரி எப்படிப் புரட்டினாலும் மாறாத சாதுக்கள் பன்னிரண்டு. அதைக் கழித்தால் மிச்சம் 132. அதாவது, வருஷத்தில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல், நாம் ஒன்றை எழுத, மற்றவர் வேறொன்றைப் படிக்க வாய்ப்பு இருக்கிறது.

அமெரிக்கர்களைத் திட்டவும் முடியாது. அவர்கள் பேசுகிறபடியே எழுதுகிறார்கள். ‘செப்டம்பர் 11’ என்பதால் 9/11. தங்கள் சுதந்திர தினத்தை மட்டும் ‘ஃபோர்த் ஆஃப் ஜூலை’ என்று நம்ம ஊர் வரிசையில் சொல்லிக்கொள்கிறார்கள். அன்றைக்கு மட்டும் என்ன விசேஷ சலுகையோ!

இதற்கு ஒரு பஞ்சாயத்தும் நடந்து முடிந்துவிட்டது. சர்வதேசத் தர நிர்ணய அமைப்பு 1988-லேயே ஐ.எஸ்.ஓ. 8601 என்று ஒரு விதி போட்டது. முதலில் நாலு இலக்கத்தில் வருஷம், அப்புறம் மாதம், கடைசியில் நாள். ஆயிரம், நூறு, பத்து என்று எண்களைப் பெரியதிலிருந்து எழுதுகிறோம் இல்லையா, அதே தர்க்கம். கம்ப்யூட்டர் உலகம் பெரும்பாலும் ஏற்றுக்கொண்டது. மனுஷ உலகம்தான் ‘பார்க்கலாம்’ என்று சொல்லிவிட்டு அவரவர் வழியில் போய்க்கொண்டிருக்கிறது.

இந்த இரண்டு உலகமும் சந்திக்கிற இடத்தில்தான் வேடிக்கை. உங்கள் கம்ப்யூட்டரில் அமெரிக்க வழக்கம் செட் செய்யப்பட்டிருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். எக்ஸெல்லில் 13/04/2005 என்று அடித்தால், ‘இது எனக்குப் புரியாத சமாசாரம்’ என்று தேதியாக எடுத்துக்கொள்ளாமல் வெறும் எழுத்தாக விட்டுவிடும். 03/04/2005 என்று அடித்தாலோ, சமர்த்தாகத் தலையாட்டி மார்ச் 4 என்று வைத்துக்கொள்ளும். ஒரு சத்தம், ஒரு முணுமுணுப்பு இருக்காது. முரண்டு பிடிக்கிற வேலைக்காரனைக்கூடச் சமாளித்துவிடலாம் சார். ‘சரிங்கய்யா’ என்று சொல்லிவிட்டு வேறு எதையோ செய்து வைப்பவனை என்ன செய்வீர்கள்?

விஞ்ஞானிகளே திணறியிருக்கிறார்கள். மனித மரபணுக்கள் சிலவற்றுக்கு ‘மார்ச்1’, ‘செப்ட்1’ என்று சுருக்கப் பெயர்கள் இருந்தன. அதை எக்ஸெல்லில் அடித்தால் மார்ச் ஒன்றாம் தேதி, செப்டம்பர் ஒன்றாம் தேதி என்று மாற்றிவிடும். 2016-ல் வந்த ஓர் ஆய்வு, எக்ஸெல் மரபணுப் பட்டியல்களோடு வெளியான ஆராய்ச்சிக் கட்டுரைகளை அலசிப் பார்த்தது. சுமார் ஐந்தில் ஒரு கட்டுரையில் இந்த மாதிரிக் குளறுபடி. கடைசியில் என்ன செய்தார்கள்? 2020-ல் மரபணுக்களின் பெயரை மாற்றினார்கள்! எக்ஸெல்லில் இந்த மாற்றும் புத்தியை அணைத்துவைக்க ஒரு வசதி வந்தது 2023-ல்தான். செருப்புக்குத் தகுந்தபடி காலை வெட்டிக்கொள்வது என்பார்களே... அது இதுதான்.

சத்தமில்லாமல் தப்பு செய்வது ஒரு ரகம். சத்தம் போட்டும் புரியாமல் செய்வது இன்னொரு ரகம். கம்ப்யூட்டர் திரையில் வருகிற ‘எரர் மெஸேஜ்’களைச் சொல்கிறேன்.

விண்டோஸ் 95, 98 காலத்து ஆசாமிகளுக்கு நினைவிருக்கும். லெட்டர் அடித்துக்கொண்டிருக்கும்போது திடீரென்று ஒரு பெட்டி முளைக்கும். ‘இந்த புரோகிராம் சட்டவிரோதக் காரியம் ஒன்றைச் செய்துவிட்டது. ஆகவே மூடப்படுகிறது.’ வாசலில் போலீஸ் ஜீப் நிற்கிறதா என்று எட்டிப் பார்க்கத் தோன்றும். இன்னொரு பிரசித்தி பெற்ற அறிவிப்பு: ‘கீபோர்டைக் காணவில்லை. தொடர எஃப் 1 பட்டனை அழுத்தவும்.’ எதில் அழுத்துவதாம்?

சிரிக்கலாம். ஆனால், எல்லோராலும் சிரிக்க முடிவதில்லை.

எங்கள் தெருவில் ஒரு ரிட்டயர்டு டீச்சர் இருக்கிறார். மருத்துவக் காப்பீட்டைப் புதுப்பிக்க அன்றைக்குத்தான் கடைசி நாள். காலையிலிருந்து நாலு தடவை முயன்றுவிட்டு என்னைக் கூப்பிட்டார். பிறந்த தேதி கேட்கும் கட்டத்தில் 17/08/1948 என்று அடிக்கிறார். ‘செல்லாத தேதி’ என்று சிவப்பில் ஒரு வரி. அவ்வளவுதான், வேறு விளக்கம் கிடையாது.

‘‘ஏன் தம்பி, நான் பொறந்ததே செல்லாதுங்குதே இது?’’ என்றார்.

மாதத்தை முதலில் போட்டதும் வாங்கிக்கொண்டது. எழுதியவர் எந்த ஊர் வழக்கத்தை மனதில் வைத்து எழுதினாரோ! ‘மாதம் முதலில்’ என்று இரண்டு வார்த்தை சேர்த்திருந்தால் முடிந்திருக்கும் விஷயம். அதைவிட, டீச்சர் அடுத்துச் சொன்னதுதான் எனக்கு உறுத்தியது. ‘‘வயசாயிடுச்சுல்ல, எனக்குத்தான் புரியல...’’ முப்பத்தைந்து வருஷம் பிள்ளைகளுக்குக் கணக்குச் சொல்லிக்கொடுத்தவர் அவர்! எவனோ செய்த அரைகுறை வேலைக்கு இவர் தலைகுனிகிறார்.

இன்னொன்றும் யோசித்துப் பாருங்கள். அவர் 17-ம் தேதிக்குப் பதில் 3-ம் தேதி பிறந்திருந்தால்? சத்தமில்லாமல் மார்ச் 8 என்று ஏற்றுக்கொண்டிருக்கும். ஆஸ்பத்திரியில் படுத்திருக்கும்போது, ‘ஆவணத்தில் உள்ள பிறந்த தேதி வேறு’ என்று யாராவது வந்து நின்றிருப்பார்கள்.

புரியாத அறிவிப்பு உயிரையே எடுத்த கதையும் இருக்கிறது. தெராக்-25 என்பது புற்றுநோய்க்குக் கதிர்வீச்சு சிகிச்சை தரும் ஒரு கனடா நாட்டு இயந்திரம். 1985-லிருந்து 1987 ஜனவரிக்குள் அமெரிக்காவிலும் கனடாவிலுமாக ஆறு நோயாளிகளுக்கு அது எக்கச்சக்கமான கதிர்வீச்சைப் பாய்ச்சிவிட்டது. 1986 மார்ச்சில், டெக்ஸாஸின் டைலர் நகரத்தில் சிகிச்சை நடந்துகொண்டிருக்கும்போது திரையில் தெரிந்தது இவ்வளவுதான்: ‘மால்ஃபங்ஷன் 54’. அப்படியென்றால் என்ன? இயந்திரத்தோடு வந்த கையேட்டில் விளக்கம் இல்லை. ஏதாவது ஓர் எண்ணைச் சொல்லி நிற்பதும், ‘பி’ பட்டனைத் தட்டினால் மறுபடி ஓடுவதும் அங்கே பழகிப்போன சங்கதி. இயக்கியவர் ‘பி’யைத் தட்டினார். நோயாளிமேல் இரண்டாவது தடவையும் பாய்ந்தது. ஐந்து மாதத்தில் அவர் இறந்துபோனார்.

இயந்திரம் அப்படிச் செய்ய வாய்ப்பே இல்லை என்றது தயாரித்த நிறுவனம். அடுத்த மாதமே அதே ஆஸ்பத்திரியில் மறுபடியும் 54. இன்னொரு உயிர். இந்த முறை அங்கே வேலை பார்த்த இயற்பியலாளர் விடவில்லை. இயக்கியவரைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, அன்றைக்கு என்ன அடித்தீர்கள், எதைத் திருத்தினீர்கள், எவ்வளவு வேகமாகத் திருத்தினீர்கள் என்று கேட்டுக் கேட்டு, திரும்பத் திரும்ப அடித்துப் பார்த்து, அந்த 54-ஐ வேண்டுமென்றே வரவழைத்துக் காட்டினார்கள். தப்பான ஓர் எழுத்தை அடித்துவிட்டு மிக வேகமாகத் திருத்தினால், திரையில் மட்டும் திருத்தம் தெரியும். உள்ளே இயந்திரம் பழையபடியே இருக்கும். கோளாறு மென்பொருளில்!

அந்த இரண்டு பேரிடம் நாம் கற்றுக்கொள்ள வேண்டியது ஒன்று உண்டு. திரையில் புரியாதது எதுவும் வந்தால், பழக்க தோஷத்தில் ‘ஓகே’வைத் தட்டாதீர்கள். செல்போனில் ஒரு படம் எடுத்துக்கொள்ளுங்கள். அதற்கு முன்னால் என்ன செய்தீர்கள் என்று ஒரு வரி குறித்துவையுங்கள். முக்கியமாக, ‘எனக்குத்தான் தெரியல’ என்று சொல்லாதீர்கள். புரிகிற மாதிரி சொல்ல வேண்டியது எழுதினவர் வேலை.

தேதிக்கு வருவோம். பி.காம். படித்த காலத்தில் உருப்படியாக என் மண்டையில் நின்ற சில விஷயங்களில் ஒன்று, 1881-ம் வருஷத்து மாற்றுமுறை ஆவணச் சட்டத்தின் 18-வது பிரிவு. காசோலையில் தொகையை எண்ணிலும் எழுதுகிறோம், எழுத்திலும் எழுதுகிறோம். இரண்டும் மாறுபட்டால் எது செல்லும்? எழுத்தில் இருப்பதுதான். எண் காலை வாரிவிடும் என்று அந்தக் காலத்திலேயே தெரிந்து வைத்திருக்கிறார்கள். பணத்துக்குக் காட்டிய அந்த ஜாக்கிரதையை நாள், கிழமைக்கும் காட்டினால் என்ன?

எனவே, வெளிநாட்டுக்கு மெயில் அனுப்பினாலும் சரி, மாமனாரின் மாத்திரை டப்பாவில் ஸ்டிக்கர் ஒட்டினாலும் சரி... மாதத்தை எழுத்தில் எழுதுங்கள், வருஷத்தை நாலு இலக்கத்தில் எழுதுங்கள். ‘3 ஏப்ரல் 2005’ என்று எழுதினால் நியூயார்க்கிலும் அதுதான், டோக்கியோவிலும் அதுதான், நாகர்கோவிலிலும் அதுதான்.

கூடுதலாக நாலு எழுத்து. விரல் ஒன்றும் தேய்ந்துவிடாது!