நிறைமாதம்

கதைகளில் பிள்ளைப்பேறு வெகு சுலபமான காரியம். கதாநாயகி மாங்காயைக் கடித்துவிட்டுத் தலையைக் குனிந்துகொள்வாள். மாமியாரின் முகம் மலரும். அடுத்த அத்தியாயத்தில் தொட்டில் ஆடும். நடுவே உள்ள மாதங்களை ஆசிரியர் மூன்று நட்சத்திரக் குறிகளைப் போட்டுத் தாண்டிவிடுவார். கதைக்கு அது சௌகரியந்தான். ஆனால் அந்த நட்சத்திரங்களுக்குள்ளே ஒரு பெண் தூக்கம் வராமல் விடியும்வரை விழித்துக் கிடக்கிறாளே, அவளைப் பற்றிச் சொல்ல யார் இருக்கிறார்கள்?

"பத்து மாதம் சுமந்தேன்" என்று தாய்மார்கள் சொல்லிக் காட்டுவதுண்டு. டாக்டர் ஒன்பது மாதமும் ஒரு வாரமும் என்பார். இரண்டும் ஒரே கணக்குத்தான். கடைசி மாதவிலக்கின் முதல் நாளிலிருந்து 280 நாள். இருபத்தெட்டு நாளை ஒரு மாதமாக எண்ணினால் பத்து. குறித்த அதே நாளில் பிறக்கும் குழந்தைகள் நூற்றுக்கு ஐந்து இருந்தால் அதிகம். ஆகவே அந்தத் தேதியை முகூர்த்த நாளாக எண்ணிப் பதற வேண்டியதில்லை.

ஏழாம் மாதத்துக்கு மேல் உடம்பு தன் கஷ்டங்களை ஒவ்வொன்றாய் எடுத்துச் சொல்லும். வயிறு மேலே எழும்பி மூச்சை முட்டும். இரண்டு வாய் அதிகம் சாப்பிட்டால் நெஞ்சு கரிக்கும். நடுநிசியில் கெண்டைக்கால் சுண்டி இழுக்கும். சாயங்காலமானால் பாதம் வீங்கும். குழந்தையின் தலை கீழே இறங்கியதும் மூச்சு லேசாகும். பதிலுக்கு மணிக்கொரு தரம் கொல்லைப்பக்கம் போக நேரும். "மல்லாந்து படுக்காதே" என்று பாட்டி சொல்வதைக் கேட்கலாம். வயிற்றின் பாரம் முதுகெலும்பை ஒட்டி ஓடும் பெரிய ரத்தக் குழாயை அமுக்குவது மெய். "எழுந்து உட்கார்ந்துதான் திரும்ப வேண்டும், இல்லாவிட்டால் கொடி சுற்றிக்கொள்ளும்" என்பதை மட்டும் விட்டுவிடலாம். கொடி சுற்றுவது குழந்தை உள்ளே புரளுவதால். தாய் புரளுவதால் அல்ல.

பிறகு சூட்டு வலி. 1872-இல் பிராக்ஸ்டன் ஹிக்ஸ் என்ற ஆங்கில டாக்டர் கர்ப்பப்பையின் இந்த இறுக்கத்தைப் பற்றி எழுதினார். உலகம் அவர் பெயரையே அதற்குச் சூட்டிவிட்டது. நம் வீட்டுப் பெரியவர்கள் சீரகக் கஷாயம் போட்டுக் கொடுத்து, அடங்கினால் சூடு, அடங்காமல் இடைவெளி குறைந்து குறைந்து வந்தால் வண்டி கட்டு என்றார்கள். நல்ல பரீட்சைதான். ஆனால் 37 வாரம் நிறையும் முன்பு வலி சீராக வந்தாலும், வலியே இல்லாமல் பனிக்குடம் உடைந்தாலும், எந்த மாதமானாலும் ரத்தம் பட்டாலும், கஷாயத்துக்கு அடுப்பு மூட்டிக்கொண்டிருக்கக் கூடாது.

இனி, நான் சொல்ல வந்த விஷயம். "அம்மா, காலையிலிருந்து தலையை இடிக்கிறது" என்று மருமகள் ஆரம்பிக்கிறாள். "அதெல்லாம் சகஜம்டீ, நான் நாலு பெறலையா?" என்று பதில் வந்துவிடுகிறது. பத்தில் ஒன்பது தடவை அது ஆறுதலான வார்த்தை. பத்தாவது தடவை அதைப்போல அபாயமானது வேறில்லை.

வளைகாப்பன்று கை நிறைய அடுக்கிய கண்ணாடி வளைகளைப் பல வீடுகளில் பிரசவம் வரையில் கழற்றுவதில்லை. அழகுக்கு என்று நினைக்கிறோம். ஒன்பதாம் மாதத்தில் அந்த வளை திடீரென்று மணிக்கட்டைப் பிடித்தால், முகமும் சேர்ந்து ஊதினால், மாத்திரைக்கு அடங்காமல் தலை வலித்தால், கண் மங்கினால், மார்புக்குழிக்குக் கீழே வலித்தால், ரத்த அழுத்தம் ஏறியிருக்கக் கூடும். சில சமயம் எந்த அறிகுறியும் இல்லாமலேயே ஏறும். ஒவ்வொரு தடவையும் அழுத்தம் பார்த்துச் சிறுநீரைச் சோதிப்பது அதனால்தான். முற்றிவிட்டால் வலிப்பு. முற்காலத்தில் அதை ஜன்னி என்றார்கள், காற்றுச் சேஷ்டை என்று வேப்பிலையும் அடித்தார்கள். அதைத் தடுக்கும் மருந்து என்ன தெரியுமா? பேதி உப்பு என்று நாம் அறிந்த அதே மக்னீஷியம் ஸல்பேட். 33 தேசங்களில் பதினாயிரத்துக்கு மேற்பட்ட ஸ்திரீகளிடம் சோதித்து, வலிப்பு வருவதைப் பாதியாய்க் குறைக்கிறது என்று 2002-இல் வெளியிட்டார்கள். ஆஸ்பத்திரியில் ஊசியாகப் போட வேண்டிய மருந்து அது. வீட்டில் கரைத்துக் குடிப்பதற்கல்ல.

இன்னொன்று: குழந்தையின் துடிப்பு. "நாள் நெருங்கிவிட்டது, பிள்ளை அடங்கிவிட்டது" என்பார்கள். இடம் குறைவதால் உதை நெளிவாக மாறலாம். ஆனால் அசைவு குறையக் கூடாது. குறைந்ததாகத் தாய்க்குத் தோன்றினால், மறுநாள் காலை வரை காத்திராமல் அன்றைக்கே போய்க் காட்ட வேண்டும். ஒன்றுமில்லை என்று டாக்டர் சொல்லி அனுப்பினால் நஷ்டம் என்ன? ஆட்டோ சத்தந்தானே? அகாலமானால் 108 இருக்கிறது. தமிழ்நாட்டில் 2008 முதல் ஓடுகிறது.

வீட்டில் உள்ளவர்கள் பிள்ளைத்தாய்ச்சிக்குப் பாலும் பழமும் குங்குமப்பூவும் தேடித் தேடிக் கொடுக்கிறார்கள். கொடுக்கட்டும். அதோடுகூட, அவள் ஏதாவது சொல்ல வாயெடுத்தால் முழுவதும் சொல்லி முடிக்க விடட்டும். இது சகஜமா இல்லையா என்பதை அதற்கப்புறம் தீர்மானிக்கலாம்.