நகராட்சி இல்லாத ஊர்

எனக்கு வரும் தபாலில் ஊர்ப்பெயர் அலெக்ஸாண்ட்ரியா. வீட்டு வரி கட்டுவதோ மாவட்டம் போன்ற ஃபேர்ஃபாக்ஸ் கவுண்டிக்கு. அமெரிக்காவின் வர்ஜீனியா மாநிலத்தில் எந்த நகரமும் எந்தக் கவுண்டிக்கும் உட்பட்டதல்ல. அலெக்ஸாண்ட்ரியா நகர எல்லை என் தெருவுக்கு வெகுமுன்பே முடிந்துவிடுகிறது. தபால் எல்லை மட்டும் நீண்டு கிடக்கிறது. அப்படியானால் எங்களுக்கென்று ஒரு நகராட்சி ஏன் இல்லை? அதைத்தான் தேடிப் போனேன்.

பிரின்ஸ் வில்லியம் கவுண்டியைப் பிரித்து 1742இல் ஃபேர்ஃபாக்ஸ் கவுண்டியை உருவாக்கினார்கள். இந்த வட்டாரத்துக்கே நிலவுடைமையாளராக இருந்த ஃபேர்ஃபாக்ஸ் பிரபுவின் பெயரைச் சூட்டினார்கள். அன்றைக்கு நீதிமன்றமும் அரசாங்கமும் ஒன்றுதான். வழக்கை விசாரித்த அதே நீதிபதிகள் வரியும் விதித்தார்கள், சாலை போடவும் உத்தரவிட்டார்கள். ஜார்ஜ் வாஷிங்டனும் அந்த நீதிபதிகளில் ஒருவர். தேர்ந்தெடுக்கப்பட்ட மேற்பார்வையாளர் குழு 1870ஆம் ஆண்டு அரசியல் சாசனத்துக்குப் பிறகு வந்தது.

1800இல் திறந்த பழைய நீதிமன்றத்தைப் போய்ப் பார்த்தேன். செங்கல் கட்டடம், முகப்பில் வளைவுகள், கூரைமேல் சிறு மணிக்கூண்டு. அலெக்ஸாண்ட்ரியா நாட்டின் புதிய தலைநகர எல்லைக்குள் போகவிருந்ததால் அங்கிருந்த நீதிமன்றத்தை இங்கே மாற்றினார்கள். சுற்றி வளர்ந்த ஊர் 1961இல் தனி நகரமாகிவிட்டது. நீதிமன்ற வளாகம் மட்டும் கவுண்டியின் நிலமாகவே நிற்கிறது, அடுத்தவர் மனைக்கு நடுவே நம் கிணறு மாதிரி.

அந்த ஊர் தனி நகரமாகப் பிரிந்துபோனதில்தான் என் கேள்விக்கு வழி கிடைத்தது. 1940இல் சுமார் 41 ஆயிரம் பேர் வாழ்ந்த பால்பண்ணைப் பகுதி இது. போருக்குப் பின் தலைநகரின் அரசு வேலைகள் பெருகப் பெருக, பண்ணைகள் வீட்டுமனைகளாயின. அன்று நகரங்கள் கவுண்டியின் நிலத்தைச் சட்டப்படி தம்மோடு சேர்த்துக்கொள்ள முடிந்தது. 1952இல் அலெக்ஸாண்ட்ரியா அப்படித்தான் ஒரு பகுதியை எடுத்துக்கொண்டது. நிலம் போனால் வரியும் போகும். இந்த இழப்புகளுக்குப் பின், 1968இல் கவுண்டி ‘நகர்ப்புறக் கவுண்டி நிர்வாக அலுவலர்’ முறைக்கு மாறியது. இம்முறையில் கவுண்டிக்குள் புதிதாக நகரமோ பேரூரோ உருவாகச் சட்டம் இடம் தராது. ஹெர்ண்டன், வியன்னா, கிளிஃப்டன் ஆகிய மூன்று பழைய பேரூர்கள் மட்டும் தப்பின. 60 ஆயிரத்துக்கு மேல் மக்கள் வாழும் ரெஸ்டனுக்கும், வானளாவும் கட்டடங்கள் நிற்கும் டைசன்ஸுக்கும் மேயர் இல்லாதது இதனால்தான். பள்ளி, போலீஸ், நூலகம் எல்லாம் பத்துப் பேர் கொண்ட மேற்பார்வையாளர் குழு ஒதுக்கும் பணத்தில்தான் நடக்கின்றன.

ஆனால் அந்தக் குழுவின் கையும் கட்டப்பட்டுத்தான் இருக்கிறது. மாநிலச் சட்டமன்றம் அனுமதித்ததை மட்டுமே வர்ஜீனியாவின் கவுண்டிகள் செய்யலாம். பெரும்பாலான தெருக்கள்கூட 1932 முதல் மாநிலத்தின் பொறுப்பில்தான். 2020 கணக்கெடுப்பில் இங்கே 11.5 லட்சம் பேர். ரோட் ஐலண்ட் மாநிலத்தின் மக்கள்தொகையைவிட அதிகம். இத்தனை பெரிய கவுண்டியில் என் வீட்டு வாசலில் குழி விழுந்தால், நான் மனு போட வேண்டியது கவுண்டிக்கு அல்ல, மாநிலப் போக்குவரத்துத் துறைக்கு.