ஹெடோராவும் கெலவரப்பள்ளி நுரையும்

காட்ஸில்லா என்றதும் பலருக்கு ஞாபகம் வருவது 1998ல் வந்த ஹாலிவுட் படம்தான். நியூயார்க் தெருக்களில் தலைதெறிக்க ஓடும் அந்தப் பெரிய பல்லியைத் தீவிர ரசிகர்கள் கணக்கிலேயே சேர்ப்பதில்லை. (ஜப்பான்காரர்களும் சேர்க்கவில்லை. 2004ல் வந்த 'காட்ஸில்லா: ஃபைனல் வார்ஸ்' படத்தில் அந்த அமெரிக்கப் பல்லியை சிட்னிக்கு வரவழைத்து, அசல் காட்ஸில்லா சில நொடிகளில் கதையை முடித்துவிடும். விசில் பறக்க வேண்டிய காட்சி :-))

அசல் சரக்கு டோஹோ கம்பெனியுடையது. 1954 நவம்பர் 3ல் முதல் படம் வந்தது. 2023ல் வந்த 'காட்ஸில்லா மைனஸ் ஒன்' வரை ஜப்பானில் மட்டும் 33 படங்கள். எழுபது வருடமாக ஒரே ஆள் (ஆளா?) ஹீரோவாகவும் வில்லனாகவும் மாறி மாறி நடித்து மார்க்கெட் இழக்காமல் இருப்பது சாதாரண விஷயமில்லை.

ஓசூர் பக்கத்துப் பையன்களுக்கு இந்த வரிசையைப் பார்ப்பதில் ஒரு சௌகரியம் உண்டு. தமிழ், தெலுங்கு, கன்னடம் மூன்றும் ஒரே தெருவில் காதில் விழும் ஊர். புரியாத பாஷையில் ஒரு படம் ஓடினால் அங்கே யாரும் எழுந்து போக மாட்டார்கள். ஜப்பானிய மொழி நாலாவது, அவ்வளவுதான். பெரிய உருவம் ஊருக்குள் புகுவதும் புதிதில்லை. ராகி அறுவடைக் காலத்தில் பன்னேர்கட்டா காட்டிலிருந்து ஜவளகிரி, தளி வழியாக யானைக் கூட்டம் சானமாவு வரை வந்துவிடும். பட்டாசு வெடித்துத் திருப்பி அனுப்பும் வனத்துறைக்காரர்களைப் பார்த்து வளர்ந்தவர்களுக்கு, டோக்கியோவில் டாங்கிகளை வரிசையாக நிறுத்தி வைக்கும் காட்சி அவ்வளவு அந்நியமாகத் தோன்றாது.

முதல் படம் விளையாட்டுப் படம் இல்லை. 1954 மார்ச் 1ல் அமெரிக்கா பிகினி தீவில் ஹைட்ரஜன் குண்டைச் சோதித்தபோது ஒரு ஜப்பானிய மீன்பிடிப் படகின் மேல் சாம்பல் மழையாகக் கொட்டியது. படகில் 23 பேர். வானொலி இயக்குபவரான குபோயாமா அதே வருடம் செப்டம்பரில் இறந்துபோனார். படம் வந்தது அதற்குச் சில வாரங்களே கழித்து. படத்தின் ஆரம்பத்திலேயே ஒரு படகு எரிந்து மூழ்குகிறது என்றால், தியேட்டரில் இருந்தவர்களுக்கு அது எங்கே போய்த் தைத்திருக்கும் என்று யோசித்துக் கொள்ளலாம். இயக்குநர் இஷிரோ ஹோண்டா போர் முடிந்து சீனாவிலிருந்து ஊர் திரும்பும் வழியில் ஹிரோஷிமாவின் இடிபாடுகளைக் கண்ணால் கண்டவர். ரப்பர் உடைக்குள் ஹருவோ நகாஜிமா என்ற மனிதர் வேர்த்து விறுவிறுத்து நடக்கிறார் என்பது தெரிந்தும் அந்தப் படத்தைப் பார்த்து யாரும் சிரிப்பதில்லை.

அப்புறம் சிரிக்க ஆரம்பித்துவிட்டார்கள். 1962ல் கிங்காங்கோடு குஸ்தி. 1965ல் வேற்றுக் கிரகத்தில் காட்ஸில்லா குதித்துக் குதித்து ஒரு டான்ஸ் ஆடும் (நம்பாதவர்கள் தேடிப் பார்க்கவும்). 1967ல் மகன் வேறு வந்துவிட்டான். குண்டின் உருவமாக வந்த மிருகம் பத்துப் பதினைந்து வருடத்தில் குழந்தைகளின் மாமா ஆகிவிட்டது. வரிசையை மறுபடி முதலிலிருந்து பார்க்கிற ரசிகர்கள் இந்த இடத்தில்தான் வேகமாக ஓட்டுவார்கள்.

ஓட்டக்கூடாத ஒன்று நடுவில் இருக்கிறது. 1971 ஜூலையில் வந்த 'காட்ஸில்லா வெர்சஸ் ஹெடோரா'. காட்ஸில்லா படங்களில் மோசமானது எது என்று ரசிகர்கள் சண்டை போட்டால் இந்தப் பெயர் கட்டாயம் வரும். காரணம் ஒரே ஒரு காட்சி. வாயிலிருந்து வரும் கதிரைத் தரையை நோக்கி ஊதி, ராக்கெட் மாதிரி பின்பக்கமாகவே காட்ஸில்லா பறந்து போகும். தயாரிப்பாளர் டொமோயுகி தனாகா அந்தப் படம் எடுக்கும்போது ஆஸ்பத்திரியில் இருந்தார். திரும்பி வந்து படத்தைப் பார்த்தவருக்கு வந்த கோபத்தில், இயக்குநர் யோஷிமிட்சு பன்னோவுக்கு அதற்குப் பிறகு ஒரு காட்ஸில்லா படம்கூட இயக்கக் கிடைக்கவில்லை.

ஹெடோரா என்ற பெயரே ஜப்பானிய மொழியில் சாக்கடைச் சேற்றைக் குறிக்கும் 'ஹெடோரோ' என்ற வார்த்தையிலிருந்து வந்தது. விண்கல்லோடு வந்து விழுந்த ஏதோ ஒன்று, கடலில் கலந்த கழிவைத் தின்று தலைப்பிரட்டை மாதிரி வளர்கிறது. பிறகு கரையேறி ஆலையின் புகைபோக்கியில் வாயை வைத்து ஹூக்கா மாதிரி இழுக்கிறது. பிறகு பறக்கிறது. அது பறந்து போன பாதையில் பள்ளி மைதானத்தில் உடற்பயிற்சி செய்யும் பெண்கள் சுருண்டு விழுகிறார்கள். சீட்டுக்கட்டு மாதிரி ஏதோ ஆடிக்கொண்டிருக்கும் ஆட்கள் மேல் ஜன்னல் வழியாகச் சேறு வந்து விழுகிறது, ஆள் காலி. ஒரு பூனைக்குட்டி சேற்றில் நனைந்து கத்திக்கொண்டே இருக்கிறது. மற்ற படங்களில் காட்ஸில்லா கட்டடத்தை இடிக்கும்போது உள்ளே இருந்தவர்களைப் பெரும்பாலும் காட்ட மாட்டார்கள். இதில் காட்டுகிறார்கள்.

இந்த மிருகம் எங்கிருந்து வந்தது என்று பன்னோ சொன்ன காரணம்தான் ஓசூர்க்காரர்களை நிமிர்ந்து உட்கார வைக்கும். யோக்கைச்சி போன்ற தொழில் நகரங்களைக் கரும்புகை மூடியிருந்ததையும், கொட்டப்பட்ட சோப்புத் தூள் கழிவால் கடல் நுரைத்துக் கிடந்ததையும் பார்த்துத்தான் இந்தக் கதை அவருக்குத் தோன்றியதாம்.

நுரை! கெலவரப்பள்ளி அணையை ஒரு தடவை பார்த்தவர்களுக்கு அதற்கு மேல் விளக்கம் தேவையில்லை.

பார்க்காதவர்களுக்காக: தென்பெண்ணை ஆறு கர்நாடகத்தில் நந்தி மலைப் பக்கம் உற்பத்தியாகி, பெங்களூரின் கிழக்கு ஓரமாக இறங்கி, கொடியாளம் அருகே தமிழ்நாட்டுக்குள் வருகிறது. ஓசூரை ஒட்டி கெலவரப்பள்ளி அணை. வழியில் பெங்களூரின் பெல்லந்தூர், வர்த்தூர் ஏரிகளின் உபரி நீரும் இதில்தான் சேரும். பெல்லந்தூர் ஏரி எது என்று ஞாபகம் இருக்கிறதா? 2017 பிப்ரவரியில் தண்ணீரே தீப்பிடித்து எரிந்ததாக டிவியில் காட்டினார்களே, அதே ஏரி. 2018 ஜனவரியில் மறுபடியும் எரிந்தது. கடலிலிருந்து எழுந்து வந்து தீ கக்கும் மிருகத்தை ஜப்பான்காரர்கள் கற்பனை செய்ய வேண்டியிருந்தது. பெங்களூரில் ஏரியே நேரடியாகச் செய்து காட்டிவிட்டது.

சோப்பில் இருக்கும் ரசாயனம் ஏரியிலும் ஆற்றிலும் தங்கிக் கிடக்கும். தண்ணீர் சும்மா இருக்கும் வரை ஒன்றும் தெரியாது. மழை வந்து, வரத்து கூடி, அணையின் மதகைத் திறந்தால் தண்ணீர் உயரத்திலிருந்து விழுந்து காற்றோடு அடிபடும். வாளியில் சோப்புத் தூளைப் போட்டுக் குழாயைத் திறந்தால் என்ன ஆகுமோ அதேதான், ஆறு அளவில். வெள்ளை வெளேரென்று ஆள் உயரத்துக்கு மேல் குவியும். காற்றடித்தால் பிய்ந்து வயலுக்குள் பறக்கும். அணைக்குக் கீழே தரைப்பாலத்தை நுரை மூடி, ரோடு எது ஆறு எது என்று தெரியாமல் போக்குவரத்தை நிறுத்திய மழைக்காலங்கள் உண்டு. போட்டோவில் பார்க்கிற வெளியூர்க்காரர்கள் காஷ்மீர் பனி என்பார்கள். பக்கத்தில் நின்றால் மூக்கு உண்மையைச் சொல்லிவிடும்.

ஒரு ரசிகக் கணக்கு: கெலவரப்பள்ளி அணையின் உயரம் 44.28 அடி, அதாவது பதின்மூன்று மீட்டர் சொச்சம். 1954 காட்ஸில்லாவின் உயரம் 50 மீட்டர். அணை நிரம்பி இருக்கும்போது இறங்கினால் முழங்கால் வரைதான் நனையும். ஆனால் அந்தத் தண்ணீரைக் குடித்து வளர்கிற கத்தரியும் தக்காளியும் கீரையும் கோஸும் எங்கே போகின்றன என்று கேட்டால் விளையாட்டு போய்விடும். அந்த வாய்க்கால் தண்ணீரை நம்பி ஆயிரக்கணக்கான ஏக்கர் இருக்கிறது. ஆறு அதோடு நிற்பதும் இல்லை. கிருஷ்ணகிரி அணை, சாத்தனூர் அணை என்று இறங்கி, கடலூர் பக்கம் போய்தான் கடலில் சேர்கிறது.

மழையைச் சாக்காக வைத்துத் தொழிற்சாலைகள் கழிவைத் திறந்து விடுகின்றன என்பது விவசாயிகள் ஒவ்வொரு வருடமும் சொல்லும் குற்றச்சாட்டு. அதில் உண்மை இருக்கலாம். ஆனால் பெல்லந்தூர் ஏரியைச் சீரழித்ததில் பெரும்பங்கு வீட்டுச் சாக்கடைக்குத்தான். ஹெடோரா படத்தை விட நிஜம் மோசமாக இருப்பது இந்த இடத்தில்தான். படத்தில் புகைபோக்கியைக் கைநீட்டிக் காட்ட முடிகிறது. இங்கே காட்ட வேண்டுமென்றால் சில லட்சம் குளியலறைகளைக் காட்ட வேண்டும். சுத்தமான சட்டை போட்டுக்கொண்டு ஆபீஸ் போகிற ஒவ்வொருவரும் ஹெடோராவுக்கு ஒரு கவளம் ஊட்டிவிட்டுத்தான் போகிறார்கள்.

பி.காம் படிப்பவர்களுக்கு ஒரு வரியில் சொல்லலாம். கணக்குப் புத்தகத்தில் செலவு என்று எழுதாமல் விட்டது காணாமல் போவதில்லை, வேறு யாருடைய புத்தகத்திலோ நட்டமாக ஏறும். பெங்களூரில் சுத்திகரிக்காமல் மிச்சம் பிடித்த பணம், ஓசூர்ப் பக்கத்து விவசாயியின் கணக்கில் பற்று எழுதப்படுகிறது. ஹெடோராவை வேண்டுமானால் ஜப்பானின் எழுதப்படாத செலவுகள் எல்லாம் சேர்ந்து, உருண்டு திரண்டு, கண் முளைத்து வந்த உருவம் என்று சொல்லலாம்.

ஜப்பான் அந்தக் காலத்தில் சும்மா படம் மட்டும் எடுத்துக்கொண்டிருக்கவில்லை. மினமாட்டாவின் பாதரசம், யோக்கைச்சியின் ஆஸ்துமா என்று மக்கள் தெருவுக்கும் கோர்ட்டுக்கும் போனார்கள். 1970 கடைசியில் கூடிய நாடாளுமன்றம் ஒரே கூட்டத்தொடரில் மாசு சம்பந்தமாக 14 சட்டங்களை நிறைவேற்றியது. 1971 ஜூலையில் சுற்றுச்சூழலுக்கென்றே தனி அமைப்பு வந்தது. ஹெடோரா தியேட்டருக்கு வந்ததும் அதே ஜூலை. தமிழ்நாட்டில் சிப்காட் தொடங்கியதும் அதே 1971தான் என்பது தற்செயல்தான், ஆனால் ஓசூரில் உட்கார்ந்து இந்தப் படத்தைப் பார்க்கிறவர்கள் கவனிக்காமல் இருக்க முடியாத தற்செயல். சிப்காட் வந்ததால்தானே லேலண்ட், டிவிஎஸ் எல்லாம் வந்து அந்தச் சின்ன ஊர் இன்றைய ஓசூர் ஆனது. அதை வேண்டாம் என்று சொல்ல அங்கே யாருக்கும் மனசு வராது, வரவும் கூடாது. ஹெடோரா படமும் ஆலையை மூடு என்று சொல்லவில்லை.

சரி, இங்கே யார் கேட்பது? தென்பெண்ணைக்காகத் தமிழ்நாடு 2018ல் கர்நாடகத்தின் மேல் உச்ச நீதிமன்றத்தில் வழக்குப் போட்டது. அது துணையாறான மார்க்கண்டேய நதியில் யர்கோல் பக்கம் கட்டிய அணையைப் பற்றியது. எவ்வளவு தண்ணீர் வரும் என்பதுதான் அங்கே சண்டை. வருகிற தண்ணீர் எப்படி வருகிறது என்பது பசுமைத் தீர்ப்பாயம், மாசுக் கட்டுப்பாட்டு வாரியம், ஆய்வு, அறிக்கை என்று வேறு பாதையில் போகிறது. 2016ல் ஹிடேயாகி அன்னோ எடுத்த 'ஷின் காட்ஸில்லா'வைப் பார்த்தவர்களுக்கு இது பழகிய காட்சி. மிருகம் கரையேறி வந்துகொண்டிருக்கும். இது எந்தத் துறையின் கீழ் வரும் என்று ஒரு ரூமிலிருந்து இன்னொரு ரூமுக்கு மீட்டிங் மாறிக்கொண்டிருக்கும். ஃபுகுஷிமாவை மனதில் வைத்து எடுத்த படம், ஆனால் அந்த மேஜையைச் சுற்றி இரண்டு மாநில அதிகாரிகளை உட்கார வைத்தாலும் வசனத்தை மாற்ற வேண்டியிருக்காது.

ஹெடோரா குறையில்லாத படம் என்று யாரும் சண்டைக்கு வரப் போவதில்லை. நடுவில் கார்ட்டூன் வருகிறது, காரணமில்லாமல் கிளப் டான்ஸ் வருகிறது, ஃபுஜி மலை மேல் இளசுகள் பார்ட்டி வைக்கிறார்கள். பட்ஜெட் போதவில்லை என்பது ஒவ்வொரு ஃப்ரேமிலும் தெரிகிறது. சண்டைக் காட்சிகள் ஜவ்வு. ஆனால் கடைசி இருபது நிமிடத்தை மறுபடி பார்க்க வேண்டும். ஈரச் சேறான ஹெடோராவைக் காயவைத்துக் கொல்ல ராணுவம் பெரிய மின் தகடுகளை நிறுத்துகிறது. நேரம் பார்த்துக் கரண்ட் போய்விடும்! (ஓசூரில் இந்த இடத்தில் கைதட்டல் கிடைக்கும்.) ஒரு கண் வெந்து, ஒரு கை எலும்பு தெரிகிற அளவுக்குக் கருகிப்போன காட்ஸில்லாதான் தன் கதிரை ஊதி அந்தத் தகடுகளை வேலை செய்ய வைக்கிறது. எல்லோரும் கிண்டலடிக்கும் அந்தப் பறக்கும் காட்சி அதன் பிறகு வருகிறது, தப்பி ஓடும் ஹெடோராவை விரட்டிப் பிடித்து இழுத்து வர. அந்த நிலைமையில் பறந்தால் என்ன, நீந்தினால் என்ன!

எல்லாம் முடிந்து கடலுக்குத் திரும்பும் முன் காட்ஸில்லா நின்று, அங்கே இருக்கும் மனிதர்களை ஒரு முறை முறைக்கும். வசனம் கிடையாது. படம் முடியும்போது திரையில் இன்னொன்று வருமா என்ற பொருளில் ஒரு கேள்வி வேறு.

பன்னோ விட்டுவிடவில்லை. பல வருடம் அலைந்து, 2014ல் வந்த ஹாலிவுட் காட்ஸில்லாவில் நிர்வாகத் தயாரிப்பாளராகப் பெயர் போட்டுக்கொண்டார். 2017ல் காலமானார்.

பார்க்க நினைக்கிறவர்களுக்கு ஒரு யோசனை. 33 படத்தையும் வரிசையாகப் பார்க்கிறேன் என்று கிளம்பினால் 1969 வாக்கில் நொந்துவிடுவீர்கள். 1954, 1971, 2016, 2023, இந்த நாலு போதும். ஹெடோராவை ஜப்பானிய ஒலியோடு பார்க்கவும். 1972ல் அமெரிக்காவில் ஆங்கிலம் பேச வைத்து வெளியிட்டபோது ஆரம்பப் பாட்டைக்கூட மாற்றிவிட்டார்கள். மூலப் பாட்டில் அந்தப் பெண் பாதரசம், கோபால்ட், காட்மியம் என்று ஒவ்வொரு விஷத்தின் பெயரையும் சொல்லிக் கூப்பிடுவதை சப்டைட்டிலோடு கேட்க வேண்டும். முடிந்தால் மழை சீசனில் பார்க்கவும். கெலவரப்பள்ளியில் மதகு திறந்திருந்தால் படம் முடிந்ததும் ஒரு எட்டு போய் வந்துவிடலாம்.