சிறப்பு பி.எட். படிப்பின் வரவும் செலவும்: திண்டுக்கல் நாட்குறிப்பு

2025 ஜூன் 2, திங்கள்

சிறப்பு பி.எட். என்பது மாற்றுத்திறன் குழந்தைகளுக்குக் கற்பிக்கும் தகுதியைத் தரும் பட்டம். இளங்கலை முடித்தவர்கள் சேரலாம். காலம் இரண்டு ஆண்டு. இதை நடத்தும் கல்லூரி இந்திய மறுவாழ்வுக் குழுமத்தின், அதாவது ஆர்சிஐயின், ஒப்புதல் பெற்றிருக்க வேண்டும். 1992-ஆம் ஆண்டுச் சட்டப்படி அந்தக் குழுமத்தின் மத்தியப் பதிவேட்டில் பெயர் ஏறாதவர் இந்தத் தொழிலைச் செய்யக் கூடாது. மீறினால் ஓராண்டு வரை சிறை, அல்லது 1,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டுமே விதிக்கப்படலாம். ஆகவே ஒப்புதல் இல்லாத கல்லூரியில் எவ்வளவு குறைந்த கட்டணம் கட்டினாலும் அது முழு நட்டம்தான். சேர்க்கைப் படிவம் வாங்கும் முன்பே ஆர்சிஐ இணையதளத்தில் கல்லூரியின் பெயரும், பாடப்பிரிவும், அந்தக் கல்வியாண்டும் இருக்கின்றனவா என்று பார்த்துவிட வேண்டும்.

இன்று பள்ளிகள் திறந்திருக்கின்றன. திண்டுக்கல் மாவட்டத்தின் 14 ஒன்றியங்களிலும் வட்டார வள மையங்கள் உண்டு. சிறப்புக் கல்வி படித்து வருகிறவர்கள் முதலில் வேலை கேட்டு நிற்கும் இடம் பெரும்பாலும் இவைதான்.

ஜூன் 11, புதன்

செலவு என்றதும் வீடுகளில் கட்டணத்தை மட்டுமே பேசுகிறார்கள். கட்டணம் அதில் ஒரு பகுதிதான்.

திண்டுக்கல்லில் இருந்து கோவைக்குப் படிக்கப் போகும் ஒருவரை எடுத்துக்கொள்ளலாம். அங்கே அவினாசிலிங்கம் நிறுவனமும், பெரியநாயக்கன்பாளையத்தில் ராமகிருஷ்ண மிஷன் விவேகானந்தா நிறுவனத்தின் மாற்றுத்திறன் மேலாண்மை மற்றும் சிறப்புக் கல்விப் புலமும் இந்தத் துறையில் நெடுங்காலமாகப் பெயர் பெற்றவை. கட்டணம் கல்லூரிக்குக் கல்லூரி மாறும். கணக்குக்காக ஆண்டுக்கு 50,000 ரூபாய் என்று வைத்தால் இரண்டு ஆண்டுக்கு ஒரு லட்சம். விடுதியும் சாப்பாடும் மாதம் 6,000 வீதம் 20 மாதத்துக்கு 1,20,000. கற்பித்தல் துணைக்கருவிகள், ரெக்கார்டு நோட்டுகள், பயிற்சிப் பள்ளிகளுக்குப் போய்வரும் செலவு எல்லாம் சேர்த்து 20,000. ஆக, கையிலிருந்து போவது 2,40,000 ரூபாய்.

கண்ணுக்குத் தெரியாத செலவு இன்னொன்று உண்டு. பட்டதாரி ஒருவர் இந்த இரண்டு ஆண்டும் ஒரு தனியார் மெட்ரிக் பள்ளியிலோ, வேடசந்தூர்ப் பக்கத்து நூற்பாலை அலுவலகத்திலோ மாதம் 10,000 ரூபாய்க்கு வேலை பார்த்திருந்தால் அதே 2,40,000 கைக்கு வந்திருக்கும். வராமல் போன அந்தச் சம்பளத்தையும் எழுதினால்தான் கணக்கு நேராகும். மொத்தம் 4,80,000.

ஜூன் 12, வியாழன்

வங்கிக் கல்விக்கடன் நான்கு லட்சம் வரை சொத்து ஈடு இல்லாமல் கிடைக்கும். நேற்றைய கணக்கில் கையிலிருந்து போகும் 2,40,000 ரூபாயைக் கடனாக வாங்கி, 10 சதவீத வட்டியில் ஐந்து ஆண்டில் அடைத்தால் மாதத் தவணை ஏறத்தாழ 5,100. படிக்கும் காலத்தில் ஏறும் வட்டி இதில் சேரவில்லை.

ஜூன் 20, வெள்ளி

ஏற்கெனவே வேலையில் இருப்பவர்களுக்குத் தொலைநிலைப் படிப்பு வேறு கணக்கைத் தருகிறது. ஆர்சிஐ பாடத்திட்டத்தில் அதற்கு இரண்டரை ஆண்டு. தமிழ்நாடு திறந்தநிலைப் பல்கலைக்கழகம் இதை நடத்திவந்திருக்கிறது. சேரும் ஆண்டுக்கு ஒப்புதல் நடப்பில் உள்ளதா என்று மட்டும் உறுதி செய்துகொள்ள வேண்டும். சம்பளம் நிற்காது, விடுதி வேண்டாம். மேலே கண்ட கணக்கில் மிகப் பெரிய இரண்டு இனங்கள் அப்படியே கழிந்துவிடுகின்றன. கைக்குழந்தை உள்ள பெண்களுக்கும், வீட்டின் ஒரே சம்பளக்காரருக்கும் நடைமுறையில் இது ஒன்றே வழி. நேரடி வகுப்பு நாட்களையும் செய்முறைப் பயிற்சியையும் குறைத்துக்கொள்ள முடியாது. அவற்றுக்கு விடுப்பு தரும் நிர்வாகம் அமைய வேண்டும்.

ஜூலை 8, செவ்வாய்

வருமானத்தைத் தீர்மானிப்பது பட்டம் அல்ல, பணியிடம். இந்த ஒன்றைப் புரிந்துகொள்ளாமல் போடும் எந்தக் கணக்கும் தவறாகவே முடியும்.

ஒருங்கிணைந்த பள்ளிக் கல்வித் திட்டத்தில் சிறப்பு ஆசிரியர்கள் தொகுப்பூதியத்தில் இருக்கிறார்கள். ஆண்டு ஊதிய உயர்வு, அகவிலைப்படி, ஓய்வூதியம் ஆகியவை காலமுறை ஊதியம் பெறுவோருக்குப் போல இவர்களுக்கு இல்லை. தொகுப்பூதியம் 18,000 என்று வைத்தால், படிக்காமலே கிடைத்திருக்கக்கூடிய 10,000 ரூபாயைவிட 8,000 கூடுதல். ஆண்டுக்கு 96,000. போட்ட 4,80,000 திரும்ப ஐந்து ஆண்டு ஆகும்.

வேலையின் தன்மை இந்தக் கணக்கை மேலும் இறுக்குகிறது. சிறப்பு ஆசிரியர் ஒரே பள்ளியில் உட்கார்ந்திருப்பதில்லை. பள்ளிக்கு வர இயலாத குழந்தைகளின் வீட்டுக்கே போய்ப் பயிற்சி தர வேண்டும். நகரப் பேருந்தில் பெண்களுக்குக் கட்டணம் இல்லை என்பது 2021 முதல் பெரிய உதவி. ஆனால் குஜிலியம்பாறை, வடமதுரைப் பக்கத்துக் குக்கிராமங்களுக்குப் பேருந்து வரும் நேரமும் குழந்தை விழித்திருக்கும் நேரமும் ஒத்துப்போவதில்லை; ஸ்கூட்டிதான் கை கொடுக்கிறது. நாளுக்கு 40 கிலோமீட்டர், மாதம் 20 நாள் என்றால் 800 கிலோமீட்டர். லிட்டருக்கு 50 கிலோமீட்டர் கிடைத்தால் 16 லிட்டர். பெட்ரோலுக்கு மட்டும் 1,600 ரூபாய்க்குக் குறையாது. பயணப்படி இல்லையென்றால் மாத ஆதாயம் 6,400 ஆகச் சுருங்கி, ஐந்து ஆண்டு ஆறேகால் ஆண்டாக நீளும். கடன் வாங்கிப் படித்தவருக்கு இந்த 6,400 ரூபாயில் தவணை போக மிஞ்சுவது 1,300. முதுகு நிமிராத ஒரு குழந்தையை உட்காரவைக்கப் பழக்குகிறவருக்கு இந்தத் தொகையா என்ற கேள்வியைக் கேட்காமல் கடந்துபோக முடியவில்லை.

ஜூலை 9, புதன்

அதே பட்டம், காலமுறை ஊதியத்தில்: தமிழ்நாட்டில் பட்டதாரி ஆசிரியரின் தொடக்க அடிப்படை ஊதியம் 36,400. 2025 ஜனவரியில் நடப்புக்கு வந்த 55 சதவீத அகவிலைப்படியைச் சேர்த்தால் 56,420. பங்களிப்பு ஓய்வூதியத்துக்கு 10 சதவீதம் பிடித்தபின் 50,778. வீட்டு வாடகைப்படி தனி. இந்த நிலையில் போட்ட முதல் ஏறத்தாழ ஓராண்டிலேயே திரும்பிவிடும். காந்திகிராமத்தில் ஒரு கேந்திரிய வித்யாலயா இருக்கிறது; அந்த அமைப்பில் பட்டதாரி ஆசிரியர் நிலையின் தொடக்க அடிப்படை ஊதியம் 44,900.

ஒருவருக்கு ஓராண்டு, இன்னொருவருக்கு ஆறேகால் ஆண்டு. இருவரும் ஒரே வகுப்பில் படித்தவர்களாகக்கூட இருக்கலாம்.

ஜூலை 24, வியாழன்

பணியிடங்கள் பெருகுமா என்பது நீதிமன்றத் தீர்ப்புகளோடு பிணைந்தது. ரஜ்னீஷ் குமார் பாண்டே வழக்கில் 2021 அக்டோபர் 28 அன்று உச்ச நீதிமன்றம், தொடக்க நிலையில் 10 மாற்றுத்திறன் குழந்தைகளுக்கு ஒரு சிறப்பு ஆசிரியர், அதற்கு மேல் 15 பேருக்கு ஒருவர் என்ற விகிதத்தைச் சொன்னது. பல பள்ளிகளுக்கு ஒருவரே சுற்றிவரும் ஏற்பாட்டைத் தற்காலிகமாகவே அனுமதித்தது. 2025 மார்ச் 7 அன்று அதே வழக்கில், தேவையான பணியிடங்களை அறிவிக்கும்படி மாநிலங்களுக்குக் கெடு விதித்தது. ஒப்பந்தத்தில் இருப்பவர்களின் தகுதியை ஒரு குழு ஆராய்ந்து, தேர்வானவர்களுக்கு ஆசிரியருக்குரிய ஊதிய விகிதம் தரவும் உத்தரவிட்டது.

ஓர் ஒன்றியத்தில் தொடக்க நிலையில் 100 குழந்தைகள் என்று வைத்தால் பத்து ஆசிரியர் வேண்டும். இது கருணையால் கேட்பதல்ல. 6 முதல் 18 வயது வரை இலவசக் கல்வி பெறும் உரிமையை 2016-ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைகள் சட்டம் அந்தக் குழந்தைகளுக்குக் கொடுத்திருக்கிறது. ஆனாலும் தீர்ப்பை நம்பி மட்டும் கடன் வாங்குவது சரியல்ல. அரசாணை வந்து, பணியிடம் அறிவிக்கப்பட்டு, ஊதிய விகிதம் எழுதப்படும் வரை தொகுப்பூதியக் கணக்கையே அடிப்படையாகக் கொள்ள வேண்டும்.

ஆகஸ்ட் 17, ஞாயிறு

வீடுகளுக்குப் போய்த் தனிப்பயிற்சி தருவது இன்னொரு வருவாய் வழி. சென்னையில் இது பெரிய தொழில். திண்டுக்கல்லின் நிலைமை வேறு. ஒட்டன்சத்திரம் காய்கறிச் சந்தையில் மூட்டை தூக்குபவர், நிலக்கோட்டையில் பூப்பறிப்பவர், மில்லில் ஷிப்டு பார்ப்பவர் ஆகியோரே இங்கே பெற்றோர். அறிவுசார் குறைபாடுள்ள குழந்தைக்குத் தமிழ்நாடு அரசின் பராமரிப்பு உதவித்தொகை மாதம் 2,000. ஒரு மணி நேரத்துக்கு 250 ரூபாய் வீதம் வாரம் இரண்டு வகுப்பு வைத்தாலே மாதம் எட்டு வகுப்புக்கு அந்த 2,000 முழுவதும் தீர்ந்துவிடும். டயபருக்கும் மருந்துக்கும் எதுவும் மிஞ்சாது. அதனால் இந்த வருமானம் நகரத்தின் சில குடும்பங்களோடு நின்றுபோகிறது.

சி.பி.எஸ்.இ. பள்ளிகள் சிறப்புக் கல்வியாளரை நியமிக்க வேண்டும் என்று 2015-லிருந்தே வாரியம் சொல்லிவருகிறது. நகரத்தில் அந்த வாய்ப்பு உண்டு. வேலைக்கு ஒத்துக்கொள்ளும் முன், நியமன ஆணையில் என்ன பதவி எழுதியிருக்கிறது, பி.எஃப். பிடிக்கிறார்களா என்ற இரண்டையும் பார்க்க வேண்டும். பொது வகுப்புக்கு அனுப்பிப் பதிவேட்டில் மட்டும் சிறப்பு ஆசிரியர் என்று எழுதினால் பின்னாளில் அனுபவச் சான்று சிக்கலாகும்.

செப்டம்பர் 3, புதன்

நேற்று முன்தினம், செப்டம்பர் 1 அன்று, உச்ச நீதிமன்றம் ஆசிரியர் தகுதித் தேர்வு, அதாவது டெட், பற்றித் தீர்ப்பளித்தது. பணிக்காலம் ஐந்து ஆண்டுக்கு மேல் மீதமுள்ள ஆசிரியர்கள் இரண்டு ஆண்டுக்குள் தேர்ச்சி பெற வேண்டும். சிறுபான்மைப் பள்ளிகள் குறித்த கேள்வி பெரிய அமர்வுக்குப் போயிருக்கிறது. எட்டாம் வகுப்பு வரையிலான ஆசிரியர் பணியை நாடுகிறவர், டெட் தேர்வுக்குப் படிக்கும் மாதங்களையும் செலவில் சேர்க்க வேண்டும்.

இந்தத் தேர்வில் சிறப்பு பி.எட். படித்தவருக்கு ஒரு நன்மையும் இருக்கிறது. தேசிய ஆசிரியர் கல்விக் குழுமத்தின் (என்.சி.டி.இ.) 2010 ஆகஸ்ட் 23 அறிவிக்கையின்படி இந்தப் பட்டமும் டெட் எழுதத் தகுதியானது. ஆறு முதல் எட்டு வரையிலான பொது வகுப்பு ஆசிரியராக நியமனம் பெற்றால், அதன்பின் ஆறு மாதச் சிறப்புப் பயிற்சி முடிக்க வேண்டும். சிறப்பு ஆசிரியர் பணியிடம் வராவிட்டாலும் பட்டம் வீணாகாது என்ற உறுதி இதில் கிடைக்கிறது.

கடைசியாக ஒரு செலவு. ஆர்சிஐ பதிவு ஐந்து ஆண்டுக்கு ஒருமுறை புதுப்பிக்கப்பட வேண்டும். அதற்குள் தொடர் மறுவாழ்வுக் கல்விப் பயிலரங்குகளில் 100 புள்ளிகள் சேர்க்க வேண்டும். பயிலரங்குக் கட்டணமும், ஊர்ப் பயணமும், தொகுப்பூதியத்தில் இருப்பவருக்கு அந்த நாட்களின் சம்பளப் பிடித்தமும் உண்டு. அந்தச் செலவை நிர்வாகம் ஏற்குமா என்பதையும் வேலையில் சேரும் நாளிலேயே கேட்டு வைத்துக்கொள்ளலாம்.